கேஸ் அடிப்பதற்கு முன்

பழைய பென்ஸ் ஒன்றை எந்த ஏசி கடை வாசலில் நிறுத்தினாலும், பானெட்டைத் திறப்பதற்குள் இந்த வாக்கியம் வந்துவிடும்: “சார், கேஸ் கம்மியா இருக்கும். ஒரு கேன் போட்டா ஜில்லுனு ஆயிடும்.” சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இந்த அத்தியாயத்தில் கேஸ் பேச்சு பாதி தாண்டிய பிறகுதான் வரும். பதினைந்து, இருபது வயதான சொகுசு காரில் குளிர் குறைவதற்குக் கேஸைத் தவிர வேறு காரணங்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றை ஒரு தெர்மாமீட்டரையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் நேராகக் கேன் வாங்கினால், உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். அதன்மேல் அளவுக்கு மீறிய கேஸ் என்ற புதுக் கோளாறும் சேரும்.

இங்கே முக்கியமாகச் சொல்லப்போவது மெர்சிடிஸ் இ-கிளாஸின் மூன்று தலைமுறைகளைப் பற்றி. 1995-இல் புனேயில் டெல்கோ வளாகத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய டபிள்யூ124, அதற்கடுத்த இரட்டை வட்ட விளக்கு டபிள்யூ210, அதன் பின் வந்த டபிள்யூ211. பிஎம்டபிள்யூ ஈ39 வைத்திருப்பவர்களுக்கும், 2007-இல் சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தொடங்கிய ஆலையில் ஒருங்கிணைக்கப்பட்ட ஈ60 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். “குளிர் நாட்டு வண்டி சார், ஏசி இவ்வளவுதான்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே கார்கள் வளைகுடா நாடுகளிலும் விற்றன, அங்கும் குளிர்ந்தன. புதிதாக இருந்தபோது உங்கள் காரும் அப்படித்தான் குளிர்ந்திருக்கும்.

எப்போது குளிரவில்லை?

“கூலிங் பத்தல” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக் கேஸைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. எப்போது பத்தவில்லை என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு வாரம் ஓட்டிக் கவனியுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது காற்று வெதுவெதுப்பாகி, ஜிஎஸ்டி சாலையில் வேகம் பிடித்ததும் குளிர்ந்தால், சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. காலையில் கிளப்பியதும் நன்றாகக் குளிர்ந்து, என்ஜின் சூடேறிய பத்து பதினைந்து நிமிடத்தில் மந்தமானால், ஹீட்டர் வால்வைச் சந்தேகியுங்கள். நெடுந்தூரம் ஓடிய பிறகு காற்று வரும் வேகமே குறைந்து, நிறுத்தி அரைமணி கழித்துக் கிளப்பினால் சரியாகிவிடுகிறதா? டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்று பொருள். டபிள்யூ124-இல் குளிர் திடீரென நின்று, என்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்பினால் வருகிறது என்றால் அது வேறு கதை. கம்ப்ரசர் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன். எந்த வேகத்திலும், எந்த நேரத்திலும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் மட்டுமே கேஸை முதல் வரிசையில் நிறுத்தலாம்.

அடுத்து அளவு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஊசி முனையை நடு வெண்ட்டுக்குள் செருகி வையுங்கள். நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, வெப்பநிலையைக் கடைசிக் குளிருக்குத் தள்ளி, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனைப் போட்டு, ப்ளோயரை நடு வேகத்தில் வைத்து, என்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் 6 முதல் 10 டிகிரி வரை வந்தால் ஏசியில் குறையில்லை. 15-ஐத் தாண்டினால் இருக்கிறது. ஐடிலிங்கில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுவது இயல்பு. இந்த எண்ணைத் தேதியோடும் வெளி வெப்பநிலையோடும் எழுதி வையுங்கள். பழுது பார்த்த பிறகு அதே நிலையில் மறுபடி அளந்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்று தெரியும்.

காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போகிறது. நன்றாகச் சொட்டினால் கூலிங் காயில் குளிர்கிறது என்று அர்த்தம். காயில் குளிர்ந்தும் உள்ளே குளிரவில்லை என்றால், குளிர்ந்த காற்றில் எங்கோ சூடு கலக்கிறது. சொட்ட வேண்டிய நீர் முன்சீட்டுக் கால்மிதியடியில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதை அன்றே சுத்தம் செய்யுங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் வயரிங்கும் சில கார்களில் கன்ட்ரோல் யூனிட்டும் இருக்கின்றன.

காற்று நுழையும் வழி

ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். விளக்கு எரிவதால் உள்ளே ஃப்ளாப் நகர்ந்துவிட்டது என்று ஆகாது. டபிள்யூ124, டபிள்யூ210 இரண்டிலும் ஃப்ளாப்களை அசைப்பது வேக்கத்தில் இயங்கும் சின்ன டப்பாக்கள். அவற்றுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு வயதானால் கிழியும். கிழிந்தால் ஃப்ளாப் பழைய இடத்திலேயே நிற்கும். வெளியே இருக்கும் 40 டிகிரி காற்றும் ஈரமும் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். சோதிப்பது எளிது. ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து ரீசர்குலேஷனைப் போட்டு எடுங்கள். ஃப்ளாப் நகர்ந்தால் ப்ளோயரின் சத்தம் தெளிவாக மாறும். மாறாவிட்டால் டப்பாவையும் அதற்கு வரும் மெல்லிய குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேபின் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எடுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். டபிள்யூ124-இல் பெரும்பாலும் அந்த ஃபில்டரே கிடையாது. தூசியும் வேப்பஞ்சருகும் நேராகக் கூலிங் காயில்மேல் போய்ப் படிகின்றன. அந்தக் காரில் காற்று குறைவாகவும், அந்தக் குறைந்த காற்று நல்ல குளிர்ச்சியாகவும் வந்தால் காயில் முகப்பு அடைத்திருக்கிறது. ப்ளோயர் தன்னிச்சையாக வேகம் மாறினால், அல்லது ஒரே வேகத்தில் சிக்கிக்கொண்டால் அதன் ரெகுலேட்டர் போய்விட்டது. டபிள்யூ210-இலும் ஈ39-இலும் இது பெயர்பெற்ற வியாதி.

இன்னொரு சிறு சோதனை. வெப்பநிலையை 22-இல் வைத்தால் குளிரவில்லை, ‘லோ’வில் வைத்தால் குளிர்கிறது என்றால் குளிர்பதனப் பகுதி நன்றாகவே இருக்கிறது. உள் வெப்பநிலையை உணரும் சென்சாருக்குக் காற்று போகும் சின்னத் துளையில் தூசி அடைத்திருக்கும், அல்லது அந்தக் காற்றை இழுக்கும் குட்டி ஃபேன் நின்றிருக்கும்.

சூடு வெளியேறும் வழி

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் சூட்டைக் கூலிங் காயிலில் வாங்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அங்கே கொட்ட முடியாவிட்டால் உள்ளேயும் வாங்க முடியாது. நிற்கும்போது மட்டும் குளிர் குறையும் கார்களில் ஒரு வாளித் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்சர்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெண்ட் வெப்பநிலை சட்டென்று இறங்கினால் கேஸையும் கம்ப்ரசரையும் விட்டுவிடலாம். குறை கண்டென்சரின் அழுக்கில் இருக்கிறது, அல்லது ஃபேனில். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது எப்போது வேண்டுமானாலும் சுழலத் தொடங்கும்.

அழுக்கு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் முகப்பில் இருக்காது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், டர்போ டீசலாக இருந்தால் இன்டர்கூலரின் பக்கத்தில், பல வருடப் பூச்சியும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கோடு கெட்டித்துக் கிடக்கும். மேல் கிளிப்புகளைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்று பின்னால் சாய்த்து, பின்னாலிருந்து முன்னோக்கி மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து, காற்று போகும் வழி நிரந்தரமாக மூடிவிடும். கடலோர வண்டிகளில் உப்புக் காற்றால் இந்தத் தகடுகள் பொடியாகவே உதிரும். விரலால் தொட்டதும் உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, கண்டென்சரை மாற்றத்தான் வேண்டும்.

ஃபேனில் கவனிக்க வேண்டியது அதன் இரண்டு வேகங்கள். டபிள்யூ124-இல் கண்டென்சருக்கு முன்னால் உள்ள மின்விசிறி, கேஸ் அழுத்தம் ஏறத்தாழ 20 பார் ஆகும்போது மெதுவான வேகத்தில் சுழலத் தொடங்கும். அந்த மெதுவான வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. ரெசிஸ்டர் அறுந்துவிட்டால் மெதுவான வேகம் காணாமல் போகும். என்ஜின் அதிகமாகச் சூடாகும்போது மட்டும் ஃபேன் முழு வேகத்தில் அலறும். “ஃபேன் நல்லாத்தான் ஓடுது” என்று மெக்கானிக் சொல்வார். அவர் பார்த்தது அந்த முழு வேகத்தை. ரேடியேட்டர் விசிறியை விஸ்கஸ் கப்ளிங் வழியாக என்ஜினே சுற்றும் கார்களில், சூடான என்ஜினை அணைத்த பிறகு அந்த விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கப்ளிங் செத்துவிட்டது.

எல்லோரும் மறக்கும் ஹீட்டர் வால்வு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் ஹீட்டரைப் பற்றி நினைப்பதே இல்லை. யாரும் ஹீட்டர் போடுவதில்லையே. ஆனால் இந்த ஜெர்மன் கார்களில் ஹீட்டர் எப்போதும் தயாராக நிற்கிறது. கூலிங் காயிலில் குளிர்ந்த காற்று அடுத்துக் கடப்பது ஹீட்டர் கோரை. அதற்குள் என்ஜினின் 85, 90 டிகிரி கூலன்ட் போகாமல் தடுத்து வைத்திருப்பது ஒரு மின்வால்வு. டபிள்யூ124-இல் ஒன்று, டபிள்யூ210-இலும் ஈ39, ஈ60 போன்றவற்றிலும் இடது, வலது என்று இரண்டு சேர்ந்த இரட்டை வால்வு.

அந்த வால்வின் குணம் விசித்திரமானது. மின்சாரம் வந்தால் மூடும், வராவிட்டால் திறந்திருக்கும். கடுங்குளிர் நாட்டில் வயர் அறுந்தாலும் ஹீட்டர் வேலை செய்ய வேண்டும், முன்கண்ணாடியில் பனி படரக்கூடாது என்று யோசித்து வைத்தது. நமக்கு அது தலைகீழான தலைவலி. ஃபியூஸ் போனாலும், கனெக்டர் துருப்பிடித்தாலும், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் கொதிக்கும் கூலன்ட் ஹீட்டர் கோருக்குள் பாயும். குளிர்ந்த காற்று அதன்மேல் பட்டு வெதுவெதுப்பாக வெளியே வரும். கேஸ் முழு அளவில் இருக்கும், கம்ப்ரசர் உயிரைக் கொடுத்து ஓடும், அடியில் தண்ணீர் சொட்டும், வெண்ட்டில் 18 டிகிரி காட்டும். இந்த நிலையில் கேஸ் அடிப்பது, ஒரு பக்கம் அடுப்பை எரியவிட்டு இன்னொரு பக்கம் ஃபிரிட்ஜைத் திறந்துவைப்பது போன்றது.

சோதனை இதுதான். என்ஜின் முழுக்கச் சூடான பிறகு, வெப்பநிலை கடைசிக் குளிரில் இருக்கும்போது, ஃபயர்வாலில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கவனமாகத் தொட்டும் பார்க்கலாம். என்ஜின் பக்கத்து ஹோஸ் சூடாக இருக்கும். வால்வைத் தாண்டிய ஹோஸும் அதே சூட்டில் இருந்தால் வால்வு மூடவில்லை. உறுதிப்படுத்த, என்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் மெதுவாக நெரித்துக் கட்டுங்கள். பழைய ரப்பர், முரட்டுத்தனமாக நெரித்தால் வெடிக்கும். பிறகு கிளப்பி ஓட்டிப் பாருங்கள். என்ஜின் சூடேறியும் வெண்ட் 8 டிகிரியிலேயே நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

டபிள்யூ124-இன் வால்வில் முழுப் பாகத்தையும் மாற்றத் தேவையில்லை. உள்ளே இருக்கும் இன்செர்ட் தனியாகக் கிடைக்கும். ஆறிய என்ஜினில் மேல் ஸ்க்ரூக்கள் நான்கைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டியதுதான். டபிள்யூ210-இன் இரட்டை வால்வை முழுதாக மாற்றுவார்கள். மாற்றும் முன் கடைசிக் குளிர் நிலையில் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வோல்ட் வராவிட்டால் புது வால்வும் திறந்தேதான் இருக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் வால்வை வாங்காதீர்கள். பழைய கதவு, பழைய விளக்கு, பழைய ஸ்விட்ச் எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். ரப்பர் சவ்வு உள்ள எதையும் வாங்கக்கூடாது. அந்த ரப்பருக்கும் உங்கள் வால்வின் வயதுதான்.

டபிள்யூ210 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இக்னிஷனைப் போட்டு, இரு பக்க வெப்பநிலையையும் 22-இல் வைத்து, ‘ரெஸ்ட்’ பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், தானியங்கி ஏசி பேனல் தன் சென்சார்களின் அளவை ஒவ்வொன்றாகக் காட்டும். 3, 4 என்ற எண்கள் இடது, வலது ஹீட்டர் கோரின் வெப்பநிலை. 5 கூலிங் காயிலுடையது. 7 கேஸ் அழுத்தம், பார் கணக்கில். ஐந்தாவது எண்ணில் 4, 5 டிகிரியும் மூன்றாவது எண்ணில் 50, 60 டிகிரியும் தெரிந்தால் வால்வைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். என்ஜினை அணைக்காமல் கடைக்காரருக்கும் காட்டுங்கள்.

இரட்டை வால்வில் ஒரு பக்கம் மட்டும் போனால், ஓட்டுநர் பக்கம் குளிர்ந்து பக்கத்து சீட்டில் வெதுவெதுப்பாக வரும், அல்லது மாறி. ஆனால் கேஸ் குறைந்தாலும் கூலிங் காயிலின் ஒரு பாதி மட்டும் குளிர்ந்து இதே அறிகுறி தோன்றலாம். ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

கேஜ் சொல்வதும் சொல்லாததும்

இத்தனையும் பார்த்த பிறகும் குளிரவில்லை என்றால் மேனிஃபோல்ட் கேஜ் மாட்டும் நேரம் வந்துவிட்டது. இது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1995-க்குப் பிந்தைய நம் ஊர் இ-கிளாஸ்களில் இருப்பது ஆர்134ஏ என்ற கேஸ். வெளியே 35 டிகிரி, 1,500 ஆர்பிஎம் என்றால் குறை அழுத்தம் காட்டும் நீலக் கேஜ் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர் அழுத்தம் காட்டும் சிவப்புக் கேஜ் 200 முதல் 250 பிஎஸ்ஐ என்பது ஏற்கத்தக்க அளவு.

இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் சூட்டைக் கொட்ட முடியாமல் தவிக்கிறது. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் நெருங்கினால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே இழுத்தால் கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே போன ஈரம் அங்கே ஐஸாகி வழியை மூடுகிறது. இரண்டும் சரியாக இருந்தும் வெண்ட் சூடாக இருந்தால் ஹீட்டர் வால்வுப் பகுதியைத் திரும்பப் படியுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. என்ஜின் ஓடாமல் கேஜ் மாட்டி, “பிரஷர் நல்லாருக்கு, கேஸ் ஃபுல்லா இருக்கு” என்று சொல்பவரை நம்பாதீர்கள். நின்றிருக்கும் காரில் ஆர்134ஏ-யின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. 30 டிகிரியில் இரு கேஜும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே திரவமாகக் கால் கிலோ இருந்தாலும் அதே 97, ஒரு கிலோ இருந்தாலும் அதே 97. எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று எந்தக் கேஜும் சொல்லாது. தராசுதான் சொல்லும்.

அளந்து போடுவது

பானெட்டின் அடியிலோ ரேடியேட்டர் மேல்சட்டத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் எடை கிராமில் இருக்கும். அது கிழிந்திருந்தால் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். சரியான முறை: இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினில் முழுதாக எடுத்து எடை பார்ப்பது, வேக்கம் போடுவது, ஸ்டிக்கர் சொன்ன எடையைத் தராசில் வைத்துப் போடுவது. “கொஞ்சம் டாப்-அப்” என்பதில் இந்த மூன்றுமே இல்லை.

வேக்கத்தை நம் கடைகளில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வேக்கத்தின் வேலை காற்றை எடுப்பது மட்டுமில்லை. உள்ளே இருக்கும் ஈரத்தை அறை வெப்பத்திலேயே கொதிக்கவைத்து வெளியேற்றுவதும்தான். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 29 அங்குல வேக்கம் வேண்டும், அதற்கு நேரமும் வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடட்டும். பிறகு பம்ப்பை அணைத்து வால்வை மூடி அரைமணி விடுங்கள். முள் நகர்ந்தால் லீக் இருக்கிறது. லீக்கை வைத்துக்கொண்டு கேஸ் போட வேண்டாம். சிஸ்டத்தைத் திறந்து எந்தப் பாகத்தை மாற்றினாலும் ரிசீவர் டிரையரையும் மாற்றுங்கள். ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் மணிகள் அதற்குள் இருக்கின்றன. காற்று பட்டுவிட்டால் அவை நிறைந்துபோகும்.

மலிவுக் கேன்களை வாங்காதீர்கள். சமையல் கேஸின் உறவுக்காரர்களான எரியக்கூடிய வாயுக்களைக் கலந்த சரக்கும் சந்தையில் உண்டு. கூலிங் காயில் லீக் ஆனால் அது வந்து சேருமிடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின். ஆர்134ஏ-க்கு முந்தைய கேஸான ஆர்12 இருந்த பழைய இறக்குமதி கார்களை ஆர்134ஏ-க்கு மாற்றியிருந்தால் எண்ணெயும் ஓ-ரிங்குகளும் மாற்றப்பட்டனவா என்று விசாரியுங்கள். கேஸின் எடையும் ஆர்12-க்கு எழுதியதைவிடச் சற்றுக் குறைவாக, 80 முதல் 90 சதவீதமாக இருக்க வேண்டும். டிரையர்மேல் உள்ள கண்ணாடியில் குமிழி பார்த்து அளவு சொல்வது ஆர்12 காலத்துப் பழக்கம். ஆர்134ஏ-யில் அது ஏமாற்றும்.

இன்னொன்று: கேஸை நட்டைத் தளர்த்திக் காற்றில் விடச் சம்மதிக்காதீர்கள். கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

லீக்கும் கூலிங் காயிலும்

கேஸ் எரிந்து தீரும் பொருள் கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் கேஸ் போட வேண்டியிருந்தால் லீக் இருக்கிறது, அவ்வளவுதான். கேஸோடு எண்ணெயும் கசிவதால், இணைப்புகளில் தூசி ஒட்டிய ஈரக் கறை தெரியும். முதலில் சர்வீஸ் போர்ட்டின் சின்ன வால்வுகளையும் அவற்றின் மூடிகளையும் பாருங்கள். பிறகு ஓ-ரிங்குகள், கம்ப்ரசர் முன் சீல், கண்டென்சரின் கீழ் மூலை. யூவி சாயம் கலந்து சில வாரம் ஓட்டி ஊதா விளக்கில் பார்ப்பது நல்ல முறை. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைப்பதும் நல்லதே. டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றிச் சோதிப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். ஈரத்தை அவரே உள்ளே அனுப்புகிறார்.

வெளியே எங்கும் கறை இல்லாமல் கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தால் கூலிங் காயில் ஓட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம். டபிள்யூ124-க்கு இது பரம்பரை நோய். காயிலை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். கூலியைவிடப் பெரியது, முப்பது வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் திரும்பப் பூட்டும்போது படும் பாடு. என் தீர்ப்பு: காரை இன்னும் ஐந்து வருடம் வைத்திருப்பதாக இருந்தால் செய்யுங்கள், விற்கப்போவதாக இருந்தால் செய்யாதீர்கள். செய்தால் அரைகுறையாகச் செய்ய வேண்டாம். டேஷ்போர்டு இறங்கியிருக்கும்போதே எக்ஸ்பான்ஷன் வால்வு, ஹீட்டர் கோர், வேக்கம் டப்பாக்கள் அனைத்தையும் புதிதாக்கிவிடுங்கள். பழைய காயிலைப் பற்றவைத்துத் திரும்பப் போடும் யோசனைக்குச் செவிசாய்க்காதீர்கள். ஓரிடத்தில் அரித்த அலுமினியம் பக்கத்திலும் அரித்திருக்கும்.

கம்ப்ரசர்

கம்ப்ரசரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதுதான் அதிகம் பழி சுமக்கும் பாகம். டபிள்யூ124-இல் ஒரு ரிலே, என்ஜின் வேகத்தையும் கம்ப்ரசர் வேகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பெல்ட் வழுக்கினாலோ கிளட்ச் நழுவினாலோ கம்ப்ரசரை நிறுத்திவிடும். என்ஜினை அணைத்துக் கிளப்பும்வரை திரும்பத் தராது. திடீரென நின்று, மறுபடி கிளப்பினால் வரும் குளிரின் ரகசியம் இதுதான். பெல்ட், டென்ஷனர், கிளட்ச் இடைவெளி, அதன்பின் ரிலே என்ற வரிசையில் பாருங்கள். ரிலேயின் உள்ளே சால்டர் விரிசல் விட்டிருந்தால் நல்ல எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிடுவார்.

டபிள்யூ211-இல் கிளட்ச்சே கிடையாது. புல்லி எப்போதும் சுற்றும். கம்ப்ரசர் எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதை ஒரு மின் கன்ட்ரோல் வால்வு தீர்மானிக்கும். “கிளட்ச் அடிக்கிற சத்தமே வரல, கம்ப்ரசர் அவுட்” என்று சொல்பவர் இந்த வகையைப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் ஸ்கேனரில் அழுத்தத்தையும் அந்த வால்வுக்குப் போகும் மின்னோட்டத்தையும் பார்க்காமல் இதற்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. சில நேரம் கன்ட்ரோல் வால்வை மட்டும் மாற்றினால் போதும்.

கம்ப்ரசர் உண்மையிலேயே உடைந்து, எண்ணெயில் உலோகத் தூள் வந்திருந்தால் மட்டும் செலவுக்கு அஞ்சாதீர்கள். கண்டென்சரின் மெல்லிய குழாய்களில் புகுந்த தூளைக் கழுவி எடுக்க முடியாது. கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு நான்கும் ஒன்றாக மாற வேண்டும். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் தூள் புதியதையும் தின்றுவிடும்.

இந்தச் சோதனைகளையெல்லாம் மே மாத வெயிலில் செய்து எண்களை எழுதி வையுங்கள். குறை அப்போதுதான் முழுதாக வெளிப்படும். டேஷ்போர்டு இறக்குவது போன்ற பெரிய வேலையை மட்டும் டிசம்பருக்குத் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் ஏசி கடைகளில் கூட்டம் இருக்காது, மெக்கானிக்குக்கும் உங்கள் காருக்கு ஒதுக்க நேரம் இருக்கும். வேலை முடிந்ததும் பில்லில் இரண்டு எண்களை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: பழைய கேஸ் எத்தனை கிராம் வெளியே வந்தது, புதிய கேஸ் எத்தனை கிராம் உள்ளே போனது. எழுதித் தர மறுக்கும் கடைக்கு அடுத்த முறை போகாதீர்கள்.